தம்பி பிரிக்காத தபால்

2023-இல் ஆடி மாதத்துக் கடைசி ஞாயிறு. ஆகஸ்ட் 13. தம்பி வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தேன். கரண்ட் பில் கட்ட நம்பர் வேண்டும் என்று அம்மா கேட்க, ஈ.பி. அட்டையைத் தேடி ஃப்ரிட்ஜுக்கு மேலே கை விட்டேன். அட்டை கிடைக்கவில்லை. கல்யாணப் பத்திரிகைகளுக்கு அடியில் ஏழு கவர்கள் கிடைத்தன. ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை. இரண்டு பதிவுத் தபால். அனுப்பியது அவன் வீட்டுக் கடன் வாங்கிய ஹவுசிங் ஃபைனான்ஸ் கம்பெனி.

சமையலறையில் தம்பி மனைவி கோழிக் குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தாள். கவர்களோடு என்னைப் பார்த்ததும் அடுப்பை அணைத்தாள். “ஏனுங்கக்கா, அவருகிட்ட நான் சொன்னேன்னு சொல்லிப்போடாதீங்க” என்றாள். அவள் எதையும் சொல்லவே இல்லை. நான்தான் பார்த்தேன். ஆனால் அந்த ஒரு வரியிலேயே அவளுக்கு எல்லாம் தெரியும் என்பதும், ஐந்தாறு மாதமாக இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவே இல்லை என்பதும் தெரிந்துவிட்டது.

ஒரு ஆடிட்டர் ஆபீஸில் 19 வருடமாகக் கணக்கெழுதுகிறேன். ஊரில் பாதிப் பேருடைய கடன் கணக்கு என் மேஜைக்கு வந்து போகிறது. சொந்தத் தம்பி கடன் எனக்குத் தெரியாது. இதை எழுதுவதற்கு அந்த வெட்கமும் ஒரு காரணம்.

தம்பி திருப்பூரில் பவர் டேபிள், அதாவது மோட்டார் தையல் மெஷின், போட்டு ஜாப் ஒர்க் எடுப்பவன்; கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுப்பான். 14 மெஷின். ஆர்டர் இருந்தால் ராஜா. இல்லையென்றால் சனிக்கிழமை சம்பளம் போடவே நாய் படாத பாடு. 2018-இல் 3 சென்டில் மாடி வைத்த வீடு வாங்கினான். கடன் 28 லட்சம், 20 வருடம், வட்டி 8.5 சதவீதம், தவணை 24,299 ரூபாய். கொரோனா வந்தபோது ரிசர்வ் வங்கி ஆறு மாதம் தவணையைத் தள்ளிவைக்க விட்டதே, அப்போதுகூடப் பிடிவாதமாகக் கட்டினான். “வட்டி ஏறும்ல அக்கா” என்பான். விவரமானவன்தான்.

அப்புறம் 2022. முதலில் நூல் விலை எகிறியது. நூல் அடங்கிய நேரத்தில் வெளிநாட்டு ஆர்டர் குறைந்தது. அதே சமயத்தில் ரிசர்வ் வங்கி, தான் வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் வட்டியான ரெப்போ விகிதத்தை, மே 2022-இல் இருந்த 4 சதவீதத்திலிருந்து, பிப்ரவரி 2023-க்குள் 6.5-க்குக் கொண்டுபோனது. தம்பியின் வட்டி 11 சதவீதம் ஆனது.

இது என்ன செய்யும் என்பதை ஒரு முறையாவது பென்சில் எடுத்துப் போட்டுப் பார்க்க வேண்டும். வட்டி முதல் நாலு வருடம் ஏறி இறங்காமல் இருந்தது என்று வைத்துக்கொள்வோம். 48 மாதத்தில் அவன் கட்டியது 11 லட்சத்து 66 ஆயிரம். அசலில் கழிந்தது இரண்டரை லட்சம்தான். பாக்கி அசல் ஏறக்குறைய 25.46 லட்சம். இதற்கு 11 சதவீதம் என்றால் மாத வட்டியே 23,300-ஐத் தாண்டுகிறது. பழைய தவணையையே கட்டிக்கொண்டிருந்தால் அசலுக்கு ஆயிரம் ரூபாய்கூடப் போகாது. மிச்சமிருந்த 16 வருடம் 29 வருடத்துக்கு மேல் நீண்டுவிடும். கம்பெனி பாதி நீட்டி, பாதி ஏற்றி, தவணையை 27,400 ஆக்கியது. ஒரு எஸ்.எம்.எஸ். வந்ததாம். அதையும் அவன் பார்க்கவில்லை.

வீட்டைக் காப்பாற்றியிருக்க வேண்டிய நேரம் அதுதான். ஆகஸ்ட் 2023 இல்லை, அதற்கு ஒரு வருடம் முன்பு. அப்போது ஒரு தவணைகூடத் தவறவில்லை, கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று காட்டும் சிபில் மதிப்பெண் நன்றாக இருந்தது. வேறொரு வங்கிக்குக் கடனை மாற்றியிருந்தால் ஒன்றரை சதவீதமாவது குறைந்திருக்கும். தனிநபர் பெயரிலுள்ள மாறும் வட்டி வீட்டுக் கடனை முன்கூட்டியே அடைத்தால் அபராதம் கிடையாது. மாற்ற மனமில்லை என்றால் அதே கம்பெனியிடம் எழுதிக் கேட்டிருக்கலாம். வங்கிகள் 2019 அக்டோபருக்குப் பிறகு கொடுத்த வீட்டுக் கடன்களின் வட்டி, ரெப்போ மாதிரி வெளி அளவுகோலோடு கட்டப்பட்டது. ஹவுசிங் ஃபைனான்ஸ்காரர்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அவர்களே ஒரு அளவுகோல் வைத்துக்கொள்வார்கள். புது ஆளுக்குக் குறைந்த வட்டி, பழைய ஆளுக்குப் பழைய வட்டி. “எனக்கும் குறையுங்கள்” என்று கேட்டால், ஒரு சின்னக் கட்டணம் வாங்கிக்கொண்டு பெரும்பாலும் குறைத்துவிடுவார்கள். கேட்காதவனுக்கு யாரும் தேடி வந்து குறைப்பதில்லை.

தவணை ஒன்று தவறிய பிறகு இந்தக் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொள்ளும். ஒரு மாதம் வரை ஒரு பட்டியல், இரண்டு மாதம் வரை இன்னொன்று, மூன்று மாதம் வரை மற்றொன்று என்று கம்பெனிக்குள் உங்கள் பெயர் நகர்ந்துகொண்டே போகும். 90 நாள் தாண்டினால் வாராக்கடன். வேறெந்த வங்கியும் அந்தக் கடனை எடுத்துக்கொள்ளாது.

தம்பி மார்ச் 5-ஆம் தேதித் தவணையை விட்டான். “பணமே இல்லையா?” என்று கேட்டேன். இருந்திருக்கிறது. மார்ச்சிலிருந்து ஜூலை வரை மீட்டர் வட்டிக்காரனுக்கு மட்டும் ஒன்றரை லட்சத்துக்கு மேல் கட்டியிருக்கிறான். நூல் கடைக்காரருக்குக் கொடுத்திருக்கிறான். கிரெடிட் கார்டுக்குக் குறைந்தபட்சத் தொகையைத் தவறாமல் கட்டியிருக்கிறான். ஏனென்றால் அவர்கள் கூப்பிடுவார்கள், வாசலுக்கு வருவார்கள், தெருவில் நின்று பேசுவார்கள். வீட்டுக் கடன்காரன் சத்தம் போடமாட்டான், தபால் போடுவான். சத்தம் போடுகிறவன் கையில் வீடு இல்லை. தபால் போடுகிறவன் கையில்தான் மூலப்பத்திரமே இருக்கிறது. இந்தச் சின்னக் கணக்கு, நூல் விலையைப் பைசா சுத்தமாகச் சொல்லுகிறவனுக்குத் தெரியாமல் போயிற்று. தெரியாமல் என்று சொல்ல முடியாது. பயத்தில் மனுஷனுக்கு வரிசை மாறிவிடுகிறது.

அன்றைக்குச் சாப்பாடு முடிந்ததும் கவர்களைத் தேதி வாரியாக அடுக்கிப் பிரித்தோம். ஐந்து கவர் பாக்கியை நினைவூட்டும் கடிதம். ஆறாவது, வக்கீல் நோட்டீஸ். ஏழாவதில், 2002-ஆம் வருடத்து சர்பாசி சட்டம், பிரிவு 13(2) என்று தலைப்பு. ஈடு வைத்த சொத்தைக் கோர்ட்டுக்குப் போகாமலேயே எடுத்து விற்க, கடன் கொடுத்தவருக்கு உரிமை தரும் சட்டம் அது. தேதி ஜூலை 7. 60 நாளுக்குள் 26 லட்சத்துச் சொச்சத்தையும் கட்ட வேண்டும், தவறினால் வீட்டைச் சுவாதீனம் எடுப்போம்.

தம்பி அதுவரை பேசாமல் இருந்தவன், “26 லட்சத்துக்கு எங்கக்கா போறது? அதான் பிரிக்கல” என்றான். பிரிக்காமலேயே தொகை எப்படித் தெரிந்தது என்று நான் கேட்கவில்லை.

இந்த நோட்டீஸைப் பார்க்கிறவர்கள் முக்கால்வாசிப் பேர் இடிந்து உட்காருவது இந்த இடத்தில்தான். நோட்டீஸ் முழுக் கடனையும் கேட்கும். சட்டப்படி கேட்கலாம். ஆனால் வீட்டை எடுத்து, பூட்டி, காவல் போட்டு, ஏலம் விட்டு, ஆள் வராமல் மறுபடி ஏலம் விட்டு… அவர்களுக்கும் அது தலைவலிதான். தவறிய தவணைகளையும் அதன் மேலுள்ள கட்டணங்களையும் மொத்தமாகக் கட்டினால், பெரும்பாலான இடங்களில் கணக்கை நேராக்கிக்கொள்வார்கள். மொத்தமாக என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். ஒரு தவணை, இரண்டு தவணை என்று உடைத்துக் கட்டினால் வாராக்கடன் முத்திரை போகாது. எல்லாப் பாக்கியும் தீர்ந்தால்தான் கணக்கு மறுபடி நல்ல கணக்காகும் என்று ரிசர்வ் வங்கியே 2021-இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. நோட்டீஸுக்குப் பிறகும் மாதாமாதம் தவணையைக் கட்டிக்கொண்டிருந்தேனே, அப்படியும் ஏலம் போட்டுவிட்டார்களே என்று புலம்புகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பழைய ஐந்து தவணை அப்படியே நின்றிருக்கும்.

ஜூலை 7-லிருந்து எண்ணினால் 37 நாள் போய்விட்டது. மிச்சம் 23.

மறுநாள் கிளைக்குப் போனோம். மேலாளர் நல்ல மனுஷன், தண்ணீர் கொடுத்தார், தன் கையில் எதுவும் இல்லை என்றார். உண்மைதான். வாராக்கடன் ஆன பிறகு கோப்பு கிளையை விட்டு வசூல் பிரிவுக்கும் சட்டப் பிரிவுக்கும் போய்விடும். ஆனாலும் கிளையில் ஒரு காரியம் நடக்கும்: கடிதத்தைக் கொடுத்து, நகலில் சீல் வாங்கலாம். நான் வாங்கினேன். அதே கடிதத்தைப் பதிவுத் தபாலிலும் அனுப்பினேன்.

13(2) நோட்டீஸுக்குப் பதில் எழுதும் உரிமை, அதே சட்டத்தில் 13(3ஏ) என்ற பிரிவில் இருக்கிறது. நீங்கள் ஆட்சேபணை எழுதினால், அவர்கள் அதைப் பரிசீலித்து, ஏற்கவில்லை என்றால் ஏன் என்று 15 நாளுக்குள் பதில் தர வேண்டும். வக்கீல் வைத்துத்தான் எழுத வேண்டும் என்றில்லை. நான் ஒன்றரைப் பக்கம் எழுதினேன். கடன் வாங்கியதை மறுக்கவில்லை. தொழில் ஏன் நின்றது என்று மூன்று வரி. பாக்கித் தொகையின் பிரிவுக் கணக்கு வேண்டும். செப்டம்பர் 2-க்குள் பாக்கி முழுவதையும் கட்டுகிறோம், கட்டியதும் நோட்டீஸைத் திரும்பப் பெற்றதாக எழுத்தில் தர வேண்டும்.

12-ஆம் நாள் பதில் வந்தது. பாக்கி 1,92,980. பிரித்துப் பார்த்தால் ஆறு தவணை 1,64,400, மிச்சமெல்லாம் கட்டணம். ஒவ்வொரு மாதமும் ஒரே தவணைக்கு வங்கிக் கணக்கில் இரண்டு முறை தட்டியிருக்கிறார்கள், இரண்டு முறையும் பவுன்ஸ், தடவைக்கு 590. ஆட்கள் வந்து போன செலவு என்று ஒரு 4,500. யாரும் வரவே இல்லை என்றாள் தம்பி மனைவி. கடிதம் எழுதிக் கேட்டதில் 8,040 ரூபாய் தள்ளுபடி ஆயிற்று. பெரிய தொகை இல்லை. ஆனால் அந்த 8,040-தான் தம்பியை நிமிர்ந்து உட்கார வைத்தது. எதிராளி கணக்கிலும் தப்பு இருக்கும் என்பதை அவன் ஆறு மாதமாக யோசித்தே பார்க்கவில்லை.

அவர்கள் பதிலே தராமல் இருந்திருந்தால் புகார் கொடுக்கவும் இடம் குறித்து வைத்திருந்தேன். வங்கி என்றால் ரிசர்வ் வங்கியின் ஒம்புட்ஸ்மேன், அதாவது குறைதீர்ப்பாளர். ஹவுசிங் ஃபைனான்ஸ் கம்பெனி என்றால் அங்கே போகாது. தேசிய வீட்டுவசதி வங்கியின் ‘கிரிட்ஸ்’ இணையதளம். முதலில் கம்பெனிக்கு எழுதியிருக்க வேண்டும், அந்தக் கடிதம் கையில் இருக்க வேண்டும். அதற்குத்தான் சீல்.

1,84,940 ரூபாய்க்கு எங்கே போவது? அடகுக்கடைக்கு என்றான் தம்பி. வேண்டாம் என்றேன். மீட்க முடியாத நகையை அடகு வைப்பது இன்னொரு தவணையைத் தலையில் ஏற்றிக்கொள்வது. ஐந்து பவுன் ஆரத்தை விற்றோம். தம்பி மனைவி அழவில்லை, கடை வாசலில் ஒரு இளநீர் கேட்டாள். எடுத்துவைத்ததுபோக நூறு ரூபாய்க் கட்டுகள் சில மிஞ்சின. அதை அவள் கையிலேயே கொடுத்தேன். செப்டம்பர் 1-ஆம் தேதி பணம் கட்டி, 14-ஆம் தேதி நோட்டீஸ் வாபஸ் கடிதம் வாங்கினோம்.

இங்கேயே முடித்தால் நல்ல கதையாக இருக்கும். ஆனால் ஆர்டர் திரும்பவில்லை. தவணை 27,400 அப்படியேதான் இருந்தது. வெளியே வேறு கடன் 17 லட்சம் இருந்தது. ஆறு மாதத்தில் மறுபடி இதே ஃப்ரிட்ஜுக்கு மேலே கவர் சேரும் என்பது எனக்குத் தெரிந்தது, அவனுக்கும் தெரிந்தது. சொன்னது நான். “வீட்ட வித்துரலாம்டா.”

இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை. அம்மா மட்டும் போன் பண்ணி, “வீட்டக் காப்பாத்தறன்னு வந்தியே சாமி, விக்கச் சொல்லிப்போட்டியே” என்றார்கள்.

அம்மாவிடம் அன்றைக்குச் சரியாகப் பதில் சொல்ல வரவில்லை. இப்போது சொல்கிறேன். கடனை ஓட்டவே முடியாது என்று கணக்கு சொல்லும்போது, வீட்டை நாம் விற்பதும் ஒரு காப்பாற்றல்தான். கம்பெனி ஏலம் விட்டால் என்ன ஆகும்? மதிப்பீட்டாளர் ஒரு விலை போடுவார், அதையொட்டி அடிப்படை விலை வைப்பார்கள். முதல் ஏலத்துக்கு 30 நாள் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். ஆள் வராவிட்டால் விலையைக் குறைத்து, 15 நாள் நோட்டீஸில் அடுத்த ஏலம். ஏல வீடு என்றாலே வாங்குகிறவன் பயந்து குறைத்துத்தான் கேட்பான். எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி, கிட்டத்தட்ட அதே அளவு வீடு 31 லட்சத்துக்கு ஏலத்துக்கு வந்து, முதல் தடவை ஒருவரும் வரவில்லை. விற்ற பணத்தில் செலவு போக, கடன் போக, மிஞ்சினால் கடன் வாங்கியவருக்குத் திருப்பித் தரவேண்டும் என்று சட்டம் இருக்கிறது. ஆனால் மிஞ்ச வேண்டுமே. மிஞ்சாமல் குறைந்தால் அந்தக் குறையையும் உங்களிடமே வழக்குப் போட்டு வசூலிக்கலாம். ‘சாவியைக் கொடுத்துவிட்டால் கணக்குத் தீர்ந்தது’ என்று டீக்கடையில் சொல்வார்கள். நம் ஊர்ச் சட்டத்தில் அப்படித் தீராது.

இன்னொன்றும் உண்டு. 13(2) நோட்டீஸ் வந்துவிட்டால், கம்பெனியின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் அந்த வீட்டை விற்கவோ குத்தகைக்கு விடவோ முடியாது. அதனால்தான் ஆரத்தை விற்றாவது முதலில் நோட்டீஸை வாபஸ் வாங்கவைத்தது. நோட்டீஸ் இருக்கிற வீட்டுக்கு ஒரு விலை, இல்லாத வீட்டுக்கு ஒரு விலை. புரோக்கர்கள் இதை மோப்பம் பிடித்துவிடுவார்கள்.

நவம்பரில் தம்பியே போன் பண்ணினான். வீட்டுக்கு ஆள் பார்க்கச் சொன்னான். பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர், வங்கிக் கடனில் வாங்குகிறவர், 47 லட்சத்துக்கு ஒத்துக்கொண்டார். கடனில் இருக்கும் வீட்டை விற்கவே முடியாது என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள், தினமும் விற்கிறார்கள். கம்பெனியிடம் கடனை முடிக்க எவ்வளவு என்று ஒரு கடிதமும், அவர்கள் வசம் உள்ள பத்திரங்களின் பட்டியலும் வாங்க வேண்டும். அந்தக் கடிதத்துக்கு அவர்கள் வைத்திருக்கிற பெயர் ‘ஃபோர்குளோஷர் லெட்டர்’. அமெரிக்காவில் இந்த வார்த்தையைக் கேட்டால் வீடு போயிற்று என்று அர்த்தம். இங்கே கடன் தீர்ந்தது என்று அர்த்தம். தம்பி அந்தத் தலைப்பைக் கூகுளில் போட்டுப் பார்த்து ஒரு ராத்திரி தூங்கவில்லை, பாவம். அப்புறம் கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்து, வாத்தியாருடைய வங்கி நேராகக் கம்பெனிக்குக் காசோலை கொடுத்து, பத்திரத்தை வாங்கிக்கொண்டது. 2023 டிசம்பர் 1-லிருந்து, கடன் முடிந்த 30 நாளுக்குள் பத்திரத்தைத் தராவிட்டால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு தரவேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதி இருக்கிறது. எங்களுக்கு 19 நாளில் வந்துவிட்டது. சார்பதிவாளர் ஆபீஸில் எம்.ஓ.டி.யை, அதாவது பத்திரத்தைக் கடனுக்கு ஈடாக வைத்த பதிவை, ரத்து செய்து, வில்லங்கச் சான்றில் அது ஏறியிருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் நான் கோப்பை மூடினேன்.

கடன் போக, மீட்டர் வட்டி, நகைக் கடன், கார்டு எல்லாம் தீர்த்தது போக, 4 லட்சமும் 6 மெஷினும் மிஞ்சின.

பெரியப்பா மகன் ஒருவன் சேலத்தில் இருக்கிறான். அவனுக்கு இதெல்லாம் 2019-இல் நடந்தது. குடும்பத்தில் யாரும் பேசுவதில்லை. நோட்டீஸ் வந்தது, 60 நாள் போனது. சுவாதீன அறிவிப்பைக் கதவில் ஒட்டி, இரண்டு பேப்பரில் போட்டார்கள். இது பேருக்கு எடுக்கும் சுவாதீனம். ஆளை வெளியே அனுப்புவது இல்லை. அவன் “ஒட்டிட்டுப் போயிட்டாங்க, ஒண்ணும் ஆகல” என்று இருந்துவிட்டான். அந்த நாளிலிருந்து 45 நாளுக்குள் கடன் வசூல் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். டி.ஆர்.டி. என்பார்கள், நம் மாநிலத்தில் சென்னை, கோவை, மதுரையில் இருக்கிறது. அவனைப் பிடித்த ஒரு ஆள், “ஸ்டே வாங்கித் தரேன், பத்து வருஷம் இழுக்கலாம்” என்று ஒன்றரை லட்சம் வாங்கிக்கொண்டான். வக்கீலும் இல்லை, ஒன்றும் இல்லை. 45 நாள் தாண்டியது. தீர்ப்பாயம் கடனைக் குறைக்கும் இடமே இல்லை என்பதும் அவனுக்குத் தெரியாது. நோட்டீஸ் சரியாகக் கொடுத்தார்களா, ஏலம் விதிப்படி நடந்ததா என்று பார்க்கும் இடம் அது. அங்கே தப்பு நிஜமாகவே இருந்தால் பலன் உண்டு. தடை கொடுத்தாலும் பெரும்பாலும் ஒரு தொகையைக் கட்டச் சொல்லித்தான் கொடுப்பார்கள். அந்தத் தொகையை ஒன்றரை லட்சம் கொடுத்த கையோடு அவனால் புரட்டியிருக்க முடியாது.

மாஜிஸ்திரேட் உத்தரவோடு வக்கீல் கமிஷனரும் போலீஸும் வந்த அன்றைக்கு அவன் வீட்டில் மதியச் சோறு வடித்துக்கொண்டிருந்தார்கள். இதற்கு மேல் எழுத எனக்கு உரிமை இல்லை.

ஒரு விஷயம் மட்டும். முன்பெல்லாம் ஏலம் முடிகிற வரை முழுப் பணத்தையும் கட்டி வீட்டை மீட்கலாம் என்று இருந்தது. 2016 திருத்தத்துக்குப் பிறகு அந்த வாய்ப்பு, ஏல அறிவிப்பு வெளியாகும் நாளோடு முடிகிறது. உச்ச நீதிமன்றமும் 2023-இல் அதை உறுதி செய்துவிட்டது. சினிமாவில் வருகிற மாதிரி, சுத்தியல் விழும் நேரத்தில் பணப்பையோடு ஓடி வருவதெல்லாம் இனி இல்லை. பேப்பரில் ஏல விளம்பரம் பார்த்துவிட்டுச் சொந்தக்காரர்கள் கூடிப் பணம் திரட்டுவார்களே, அது ஒரு நாள் தாமதம்.

ஒன்டைம் செட்டில்மென்ட் பற்றியும் கேட்பீர்கள். பழைய, வசூலாகாத கணக்குகளுக்கு வட்டியைக் குறைத்து முடித்துக்கொள்வது உண்டு; லோக் அதாலத்தில் பேசி முடிப்பதும் உண்டு. ஆனால் அது அவர்களாக இறங்கி வந்தால்தான். எனக்குத் தந்தே ஆகவேண்டும் என்று கேட்க முடியாது என்று 2021-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கிடைத்தாலும் சிபிலில் ‘செட்டில்டு’ என்று ஏறும். அதைப் பார்த்துவிட்டு அடுத்த கடன் தருகிறவன் யோசிப்பான். இதைவிட, கடனில் பெரும்பகுதி கட்டி முடித்தவர்கள் ஒன்றைப் பார்க்க வேண்டும்: பாக்கி நிற்பது அசலிலும் வட்டியிலும் 20 சதவீதத்துக்குக் கீழே என்றால் சர்பாசி சட்டத்தையே பயன்படுத்த முடியாது. விவசாய நிலத்தின் மீதும் முடியாது. கோர்ட்டுக்குப் போய் வழக்குப் போடலாம், அது வேறு ஓட்டம், வேறு வேகம்.

ராத்திரி பத்து மணிக்கு வசூல் ஆள் போன் பண்ணினால் என்ன செய்வது என்று தம்பி மனைவி ஒரு நாள் கேட்டாள். காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் வசூலுக்குக் கூப்பிடக்கூடாது என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. தேதி, நேரம் குறித்து வை என்றேன். அவள் காலண்டரிலேயே குறித்து வைத்தாள். பால் கணக்குக்குப் பக்கத்தில்.

இப்போது அதே தெருவில், நாலு வீடு தள்ளி, 9,000 ரூபாய் வாடகைக்கு இருக்கிறார்கள். வேறு ஏரியாவுக்குப் போயிருக்கலாம். பிள்ளைகளின் பள்ளிக்கூட வேன் அங்கேதான் நிற்கும். விற்ற வீட்டுக்கு வாத்தியார் வேறு பெயின்ட் அடித்துவிட்டார். பச்சை. தம்பிக்குப் பிடிக்கவில்லை, ஆனால் தினமும் அந்த வழியாகத்தான் மெஷின் போட்டிருக்கும் இடத்துக்குப் போகிறான். அம்மா அந்தப் பக்கம் திரும்பாமல் நடப்பார்கள்.

போன மாதம் ஒரு நாள் மத்தியானம் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினான். பிரிக்காத கவர். கீழே, ‘அக்கா ஏதோ வந்திருக்கு’. என் கை ஒரு நிமிஷம் சில்லிட்டது. ‘பிரிடா’ என்று அனுப்பினேன். பத்து நிமிஷம் கழித்துப் பதில் வந்தது. ஏதோ ஒரு கம்பெனி, அவனுக்கு 3 லட்சம் தனிநபர் கடன் தயாராக இருக்கிறதாம், ஒரு கையெழுத்துப் போட்டால் போதுமாம்.